ஜாவா வலைச் செயலியில் டிஎல்எஸ் இணைப்பு முறிகிறதா? மறுத்தது யார் என்று முதலில் பாருங்கள்

பிரவுசரில் ஒரு ஹெச்டிடிபிஎஸ் முகவரி, அதாவது தரவை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வழியாகப் பேசும் முகவரி, எந்தத் தடையும் இல்லாமல் திறக்கிறது. அதே முகவரியை உங்கள் ஜாவா செயலி அழைத்தால் எஸ்எஸ்எல்ஹேண்ட்ஷேக்எக்ஸெப்ஷன் (எஸ்எஸ்எல் என்பது டிஎல்எஸ்ஸின் முந்தைய பெயர்) என்று நீளமான ஸ்டாக் டிரேஸ் வந்து விழுகிறது. இணையத்தில் தேடினால் சீக்கிரமே கையில் சிக்குவது, எந்தச் சான்றிதழ் (சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாளக் கோப்பு) வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஒரு டிரஸ்ட்மேனேஜர் கோடு. ஒட்டிப் பார்த்தால் எரர் மறைந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சான்றிதழைச் சரிபார்க்காத இணைப்பில் தரவு மறையாக்கப்பட்டுத்தான் போகும். ஆனால் யாரிடம் போகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் புகுந்தவர் தன் சொந்தச் சான்றிதழை நீட்டினாலும் செயலி அவரிடம் கடவுச்சொல், டோக்கன் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். டெஸ்டிங்கிற்கு மட்டும் என்று சேர்த்த அந்த நாலு வரி புரொடக்ஷன் வரை போய்ச் சேர்வது சகஜம்.

ஹேண்ட்ஷேக் என்பது இரண்டு தரப்பு பேசி முடிக்கும் ஒப்பந்தம். பேச்சு முறிந்தால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக மறுத்திருக்கிறார். மறுத்தது நம் பக்கமா, எதிர்ப்பக்கமா, எந்தக் கட்டத்தில் மறுத்தார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இவை தெரியாமல் கீஸ்டோரை (சான்றிதழையும் சாவியையும் வைத்திருக்கும் கோப்பை) மாற்றுவதும் ஜாவாவை மறுபடி இன்ஸ்டால் செய்வதும் நேர விரயம்.

கட்டளைகளையும் எரர் வாசகங்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஸ்டாக் டிரேஸின் அடிவரை படியுங்கள்

மேலே தெரியும் எக்ஸெப்ஷன் பெரும்பாலும் ஃபிரேம்வொர்க் போர்த்திய உறை. ஸ்பிரிங்கில் ரிசோர்ஸ்ஆக்சஸ்எக்ஸெப்ஷன் என்று இருக்கலாம், வேறொரு நூலகத்தில் வேறு பெயர் இருக்கலாம். கீழே இறங்கிப் போய், கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியைப் பிடியுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது. யாரிடமாவது உதவி கேட்கும்போதும் அந்த வரியைத்தான் அனுப்ப வேண்டும். மேல் வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த வரியில் 'ரிசீவ்டு ஃபேட்டல் அலர்ட்' என்று இருந்தால், மறுத்தது எதிர்ப்பக்கம். நம் ஜாவா அந்த மறுப்பைக் காதில் வாங்கிக்கொண்டு நமக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொற்கள் இல்லாமல், 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்றோ, 'நோ சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ்' என்றோ இருந்தால் மறுத்தது நம் ஜாவாவேதான்.

இது சர்வர் பக்கத்திலும் அப்படியே பொருந்தும். ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான உங்கள் டாம்கேட்டின் லாக்கில் 'ரிசீவ்டு ஃபேட்டல் அலர்ட்: செர்டிஃபிகேட் அன்நோன்' என்று பார்த்தால், சர்வர் யாரையும் மறுக்கவில்லை. இணைய வந்த கிளையண்ட்தான் சர்வரின் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஏற்கவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. எனவே சர்வர் காட்டும் சான்றிதழ் சரியா, அந்தக் கிளையண்டின் டிரஸ்ட்ஸ்டோரில் (அது நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் கோப்பில்) என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சர்வரின் டிரஸ்ட்ஸ்டோரில் சான்றிதழ்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இரண்டாம் படி: டிஎல்எஸ் வரை போய்ச் சேர்ந்தோமா?

அன்நோன்ஹோஸ்ட்எக்ஸெப்ஷன் என்றால் பெயரே முகவரியாக மாறவில்லை, டிஎன்எஸ் சிக்கல். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. 'கனெக்ட் டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் வழியில் ஃபயர்வால். இவை மூன்றிலும் சான்றிதழுக்கு வேலையே இல்லை.

பிராக்ஸி வழியாக மட்டுமே வெளியே போக முடிகிற நெட்வொர்க்கில் ஒரு பொறி இருக்கிறது. டெர்மினலிலிருந்து முகவரிகளை அழைக்கும் கர்ல் கட்டளை ஹெச்டிடிபிஎஸ் பிராக்ஸி என்ற சூழல் மாறியைப் படித்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். ஜாவா தானாக அந்த மாறியைப் படிக்காது. ஹெச்டிடிபிஎஸ்.பிராக்ஸிஹோஸ்ட், ஹெச்டிடிபிஎஸ்.பிராக்ஸிபோர்ட் என்ற இரண்டு சிஸ்டம் பிராப்பர்ட்டிகளையும் ஜேவிஎம்முக்கு (ஜாவா செயலியை ஓட்டும் இயக்கிக்கு) தனியாகக் கொடுக்க வேண்டும். கர்லில் வருகிறது, ஜாவாவில் வரவில்லை என்ற புகாரில் கணிசமான பங்கு இதுதான்.

இன்னொன்று, போர்ட் மாறிப்போவது. ஜாவா 8-இல் 'அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ், பிளெயின்டெக்ஸ்ட் கனெக்ஷன்?' என்றும், ஜாவா 11-க்குப் பிறகு 'அன்சப்போர்ட்டட் ஆர் அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ்' என்றும் வந்தால், நாம் டிஎல்எஸ் பேசப் போன இடத்தில் எதிர்ப்பக்கம் வெறும் ஹெச்டிடிபி பேசியிருக்கிறது. இதற்கு நேர்மாறான தவறு நடந்தால் டாம்கேட் லாக்கில் 'இன்வாலிட் கேரக்டர் ஃபவுண்ட் இன் மெத்தட் நேம்' என்று விழும். பக்கத்திலேயே 16, 03, 01 என்று ஹெக்ஸ் எண்கள் தெரியும். அந்த 16 ஒரு டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கின் முதல் பைட். யாரோ ஹெச்டிடிபி போர்ட்டில் ஹெச்டிடிபிஎஸ் பேச முயன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். 8080, 8443 இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த ஜாவா ஓடுகிறது?

ஒரே கணினியில் மூன்று நான்கு ஜாவா இருப்பது சாதாரணம். டெர்மினலில் ஜாவா வெர்ஷன் கேட்டால் ஒன்று வரும். டாம்கேட் சர்வீஸ் ஓடுவது வேறொன்றில். ஐடிஇ (கோடு எழுதும் மென்பொருள்) தனக்கென்று இன்னொன்றை வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரஸ்ட்ஸ்டோர். நீங்கள் சான்றிதழை ஏற்றியது ஒன்றில், செயலி படிப்பது மற்றொன்றில் என்றால் எத்தனை முறை ஏற்றினாலும் பலன் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் முழுக் கட்டளை வரியைப் பார்த்து, எந்தப் பாதையில் உள்ள ஜாவா என்று உறுதி செய்யுங்கள். கன்டெய்னரில் ஓடினால் கன்டெய்னருக்கு உள்ளே போய்ப் பாருங்கள். ஹோஸ்ட் கணினியில் செய்த மாற்றம் உள்ளே தெரியாது.

நான்காம் படி: சான்றிதழ்ச் சங்கிலி

பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு. ஜாவாவில் டிஎல்எஸ் தொட்ட எவரும் இந்த வரியைச் சந்திக்காமல் தப்புவதில்லை. இதன் பொருள்: சர்வர் காட்டிய சான்றிதழிலிருந்து தொடங்கி, நான் நம்பும் ஒரு மூலச் சான்றிதழ் வரை என்னால் சங்கிலி கோக்க முடியவில்லை.

சங்கிலி எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்வரின் சான்றிதழில் கையெழுத்திட்டது ஓர் இடைநிலைச் சான்றிதழ். அந்த இடைநிலையில் கையெழுத்திட்டது மூலச் சான்றிதழ். மூலச் சான்றிதழ் கிளையண்டிடம் ஏற்கெனவே இருக்கும். ஜாவாவில் அது செகாசெர்ட்ஸ் என்ற கோப்புக்குள் இருக்கிறது. ஜாவா 9 முதல் லிப் அடைவுக்குள் செக்யூரிட்டி என்ற இடத்தில் அதைக் காணலாம். ஜாவா 8-இன் ஜேடிகேயில் அதற்கு முன்னால் ஜேஆர்இ என்று ஓர் அடைவு கூடுதலாக வரும். அதன் இயல்பான கடவுச்சொல் 'சேஞ்ச்இட்'. இடைநிலைச் சான்றிதழைத் தன் சான்றிதழோடு சேர்த்து அனுப்ப வேண்டியது சர்வரின் பொறுப்பு.

பிரவுசரில் திறக்கும் முகவரி ஜாவாவில் திறக்காத மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சர்வர் இடைநிலையை அனுப்ப மறந்தாலும் பல பிரவுசர்கள் சமாளித்துவிடுகின்றன: சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரியிலிருந்து இடைநிலையைத் தாங்களே இறக்கிக்கொள்ளும், அல்லது முன்பே சேமித்து வைத்திருக்கும். ஜாவா இயல்பாக அப்படித் தேடிப் போகாது. அனுப்பியதை வைத்துத்தான் கோக்கும். கோக்க முடியாவிட்டால் மறுத்துவிடும். எனவே பிரவுசரில் வருகிறது என்பது சர்வர் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

சர்வர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் கருவி இருந்தால், எஸ்_கிளையண்ட் கட்டளைக்கு -கனெக்ட், -சர்வர்நேம், -ஷோசெர்ட்ஸ் மூன்றையும் கொடுங்கள். -சர்வர்நேமை விட்டுவிடாதீர்கள். ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும்போது எந்தத் தளத்தின் சான்றிதழ் வேண்டும் என்று சொல்வது அதுதான், 1.1.1-க்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் தானாக அனுப்பாது, வேறு தளத்தின் சான்றிதழைக் காட்டி உங்களைத் திசைதிருப்பும்.

வெளியீட்டில் 'செர்டிஃபிகேட் செயின்' என்ற தலைப்புக்குக் கீழே 0, 1, 2 என்று எண்ணிட்ட பதிவுகள் வரும். ஒவ்வொன்றிலும் 'எஸ்' என்று தொடங்கும் வரி சான்றிதழ் யாருடையது என்றும், 'ஐ' என்று தொடங்கும் வரி அதை வழங்கியது யார் என்றும் சொல்லும். 0-ஆம் பதிவின் 'ஐ' வரியும் 1-ஆம் பதிவின் 'எஸ்' வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், அப்படியே கீழ்நோக்கி. 0 மட்டும் இருந்து 1 இல்லையென்றால் சர்வர் இடைநிலையை அனுப்பவில்லை. கடைசியில் வரும் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' அநேகமாக 21 என்று காட்டும். 10 என்றால் காலாவதி. 18 அல்லது 19 என்றால் யாரும் அங்கீகரிக்காத, தானே கையெழுத்திட்ட சான்றிதழ் சங்கிலியில் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்ப்பது இயங்குதளத்தின் சான்றிதழ்த் தொகுப்பை வைத்து. அங்கே 0 என்று வந்தாலும் ஜாவாவின் செகாசெர்ட்ஸில் அந்த மூலச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாத கன்டெய்னரில் ஜாவாவோடு வரும் கீடூல் கட்டளையே போதும். கீடூல் -பிரின்ட்செர்ட் -எஸ்எஸ்எல்சர்வர் என்று அடித்து, சர்வர் பெயர், முக்காற்புள்ளி, போர்ட் எண் கொடுத்தால் சர்வர் அனுப்பும் சங்கிலியை அப்படியே விரித்துக் காட்டும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

சங்கிலியைப் பார்த்தபின் மூன்றில் ஒரு முடிவுக்கு வருவீர்கள்.

இடைநிலை வரவில்லை என்றால், திருத்த வேண்டியது சர்வரை. அவர்களிடம் எஸ்_கிளையண்ட் வெளியீட்டைக் காட்டி முழுச் சங்கிலியையும் அனுப்பச் சொல்லுங்கள். அவசரத்துக்கு இடைநிலையை நம் டிரஸ்ட்ஸ்டோரில் ஏற்றினால் இணைப்பு வரும்தான். ஆனால் வழங்குநர் நாளை இடைநிலையை மாற்றும் அன்று மறுபடி விழும்.

சான்றிதழ் வழங்குநர் பெயரில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஏதாவது பாதுகாப்புச் சாதனத்தின் பெயரோ தெரிந்தால், நெட்வொர்க்கின் நடுவில் போக்குவரத்தைத் திறந்து பார்த்து மறுபடி மூடும் பிராக்ஸி இருக்கிறது. அதன் மூலச் சான்றிதழை நெட்வொர்க் குழுவிடமிருந்து முறையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த இணைப்பிலிருந்தே இறக்கி ஏற்றிக்கொள்வது, வந்தவர் யார் என்று வந்தவரிடமே கேட்டு நம்புவதற்குச் சமம்.

சங்கிலி முழுதாக இருந்தும் ஜாவா மறுத்தால், உங்கள் ஜாவா பழையது. அதன் செகாசெர்ட்ஸில் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஜாவா 8-இல் அப்டேட் 141-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தையதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், பழைய டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது மாட்டிக்கொண்டார்கள். இதற்குச் சரியான மருந்து ஜாவாவை அப்டேட் செய்வதே.

சான்றிதழை ஏற்றியே ஆக வேண்டும் என்றால்

உள் சர்வர்களுக்கும் நிறுவனத்தின் சொந்த வழங்குநருக்கும் இது நியாயமான தேவை. கீடூல் -இம்போர்ட்செர்ட், அதோடு -ஏலியாஸ், -ஃபைல், -கீஸ்டோர். ஜாவா 9 முதல் -செகாசெர்ட்ஸ் என்று சொன்னாலே அந்த ஜாவாவின் கோப்பைத் தானாகப் பிடிக்கும். ஒரே பெம் கோப்பில் (சான்றிதழை உரையாக எழுதி வைக்கும் வடிவம்) பல சான்றிதழ் இருந்தால், இப்படி ஏற்றும்போது முதலாவது மட்டும்தான் உள்ளே போகும்; பிரித்துத் தனித்தனி ஏலியாஸில் (கோப்புக்குள் அடையாளம் காணும் பெயரில்) ஏற்றுங்கள்.

செகாசெர்ட்ஸிலேயே நேரடியாக ஏற்றினால் அடுத்த ஜாவா அப்டேட்டில் அது காணாமல் போகும். தனி டிரஸ்ட்ஸ்டோர் வைத்து, ஜாவாஎக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்.டிரஸ்ட்ஸ்டோர் என்ற பிராப்பர்ட்டியில் அதன் பாதையைக் கொடுப்பது மேல். ஆனால் இதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது: அந்த பிராப்பர்ட்டி செகாசெர்ட்ஸோடு சேராது, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள் சர்வரின் ஒரே ஒரு சான்றிதழை வைத்துத் தனிக் கோப்பு செய்து கொடுத்தால், உள் சர்வர் இணைப்பு வேலை செய்யும். வெளியே உள்ள பேமென்ட் சேவையும் மற்றவையும் அந்த நொடியே பிகேஐஎக்ஸ் எரரில் விழும். செகாசெர்ட்ஸை நகலெடுத்து, அந்த நகலில் உங்கள் சான்றிதழைச் சேர்த்து, நகலின் பாதையைக் கொடுங்கள்.

பாதையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் கோப்பு இல்லை என்று ஜாவா நேரடியாகச் சொல்லாது. காலி டிரஸ்ட்ஸ்டோர் என்று எடுத்துக்கொண்டு, பிறகு 'தி டிரஸ்ட்ஆங்கர்ஸ் பாராமீட்டர் மஸ்ட் பி நான்-எம்ப்டி' என்று புரியாத மொழியில் புலம்பும். அந்த வரியைப் பார்த்தால் பாதையையும் கோப்பைப் படிக்கும் அனுமதியையும் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: பெயர் பொருந்துகிறதா?

சங்கிலி சரியாக இருந்தாலும், சான்றிதழ் நாம் அழைத்த பெயருக்கு உரியதா என்று ஜாவா பார்க்கும். 'நோ சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் டிஎன்எஸ் நேம் மேட்சிங்' என்று தொடங்கி ஒரு பெயரோடு எரர் வந்தால், கோடில் நீங்கள் எழுதிய பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இல்லை. ஐபி எண்ணை வைத்து அழைத்தால் அந்த ஐபி, ஐபி வகைப் பதிவாகவே பட்டியலில் இருக்க வேண்டும். டிஎன்எஸ் வகையில் எழுதி வைத்தால் செல்லாது. நட்சத்திரக் குறியிட்ட சான்றிதழ் ஒரே ஓர் அடுக்கை மட்டுமே தாங்கும். அதற்குள் இன்னொரு புள்ளி வைத்த பெயரை ஏற்காது.

தீர்வு, சரியான பெயரில் அழைப்பது. அல்லது சரியான பெயர்களோடு சான்றிதழை மறுபடி வாங்குவது. ஹோஸ்ட்நேம்வெரிஃபையரை எப்போதும் சரி என்று சொல்ல வைப்பது, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன டிரஸ்ட்மேனேஜர் கோடுக்கு நிகரான ஆபத்து. எஸ்எஸ்எல்சாக்கெட்டை நேரடியாகக் கையாளும் கோடு எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. அது இயல்பாகப் பெயரைச் சரிபார்க்காது. எஸ்எஸ்எல்பாராமீட்டர்ஸில் என்ட்பாயின்ட் ஐடென்டிஃபிகேஷன் அல்காரிதம் என்பதற்கு ஹெச்டிடிபிஎஸ் என்று கொடுத்தால்தான் சரிபார்க்கும். இங்கே எரர் வராததே பிரச்சினை.

ஆறாம் படி: பதிப்பும் சைஃபரும்

'ரிசீவ்டு ஃபேட்டல் அலர்ட்: புரோட்டோகால் வெர்ஷன்' என்றால் நாம் பேசிய டிஎல்எஸ் பதிப்பு எதிர்ப்பக்கத்துக்குப் பிடிக்கவில்லை. 'ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்' என்றால் இருவருக்கும் பொதுவான சைஃபர் (மறையாக்கும் முறை) கிடைக்கவில்லை என்பது அடிக்கடி நேரும் காரணம். கிளையண்ட் சான்றிதழ் கேட்டுக் கிடைக்காததும் இதே அலர்ட்டில் வரலாம். 'தி சர்வர் செலக்டட் புரோட்டோகால் வெர்ஷன் டிஎல்எஸ்10 இஸ் நாட் அக்செப்டட்' என்று வந்தால் மறுத்தது நாம். எதிரில் இருப்பது பழைய சர்வர்.

ஜாவா 7-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் கிளையண்டாக இருக்கும்போது இயல்பாக 1.0-தான் பேசும். ஜாவா 8-இல் 1.2 இயல்பானது. டிஎல்எஸ் 1.3 ஜாவா 11-இல் வந்தது, பிறகு ஜாவா 8-க்கும் அப்டேட் 261-இல் கொண்டுவரப்பட்டது. மறுபுறம், 2021 ஏப்ரல் அப்டேட்டுகளிலிருந்து ஜாவா 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக முடக்கிவிட்டது. கோடில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஜாவாவை அப்டேட் செய்தோம், பழைய டேட்டாபேஸ் இணைப்பு விழுந்துவிட்டது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஜாவா.செக்யூரிட்டி கோப்பில் ஜேடிகே.டிஎல்எஸ்.டிசேபிள்டுஅல்காரிதம்ஸ் என்ற வரியில் இந்த முடக்கப் பட்டியல் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் அந்த ஜாவாவில் ஓடும் எல்லா இணைப்புக்கும் பாதுகாப்பு தளர்ந்துவிடும். பழைய சர்வரை மேம்படுத்தும் தேதியை முதலில் கேட்டு வாங்குங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்: டீபக் வெளியீடு

ஜேவிஎம் தொடங்கும்போது ஜாவாஎக்ஸ்.நெட்.டீபக் என்ற பிராப்பர்ட்டிக்கு எஸ்எஸ்எல்:ஹேண்ட்ஷேக் என்று மதிப்புக் கொடுங்கள். வெளியீடு உங்கள் லாக் கோப்புக்குப் போகாது, கன்சோலுக்கு வரும். டாம்கேட்டில் வழக்கமாகக் கேட்டலினா.அவுட் கோப்பில் கிடைக்கும். 'ஆல்' என்ற மதிப்பைப் புரொடக்ஷனில் கொடுக்காதீர்கள். மறையாக்கத்துக்கு முந்தைய தரவும் சேர்ந்து கொட்டும், அதில் பயனர்களின் ரகசியங்கள் இருக்கும்.

பக்கம் பக்கமாக வரும் வெளியீட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஜாவா 11-க்குப் பிந்தைய வடிவத்தில் 'புரொட்யூஸ்டு' என்று தொடங்குவது நாம் அனுப்பியது, 'கன்சூமிங்' என்று தொடங்குவது நமக்கு வந்தது. இந்த இரண்டு சொற்களை மட்டும் தேடிக்கொண்டே கீழே வாருங்கள். 'புரொட்யூஸ்டு கிளையண்ட்ஹலோ' இருக்கிறது, 'கன்சூமிங் சர்வர்ஹலோ' வரவே இல்லை என்றால் முறிவு பதிப்பிலோ சைஃபரிலோ சர்வர் பெயரிலோ இருக்கிறது. அல்லது நடுவில் ஏதோ சாதனம் துண்டித்திருக்கிறது. சர்வர்ஹலோ வந்து, சர்வரின் சான்றிதழும் வந்து, அதன்பின் முறிந்தால் சங்கிலி அல்லது பெயர். கிளையண்ட்ஹலோவில் 'கிளையண்ட் வெர்ஷன்' என்பதற்கு நேரே டிஎல்எஸ் 1.2 என்று இருப்பதைப் பார்த்து, 1.3 வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1.3 பேசும்போதும் பழைய சாதனங்களுக்காக அந்த இடத்தில் 1.2 என்றே எழுதப்படுகிறது. உண்மையான பட்டியல் 'சப்போர்ட்டட்_வெர்ஷன்ஸ்' என்ற நீட்டிப்பில் இருக்கும்.

இருபக்கச் சான்று கேட்கும் சர்வர்கள்

வங்கிச் சேவைகளும் அரசுத் தளங்களுக்கான ஏபிஐகளும் பல நேரம் கிளையண்டும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று கேட்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அவர்கள் கொடுத்த சான்றிதழ்க் கோப்பை மட்டும் கீஸ்டோரில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கீடூல் -லிஸ்ட் போட்டுப் பாருங்கள். உங்கள் ஏலியாஸுக்கு நேரே 'பிரைவேட்கீஎன்ட்ரி' என்று இருக்க வேண்டும். 'டிரஸ்டட்செர்ட்என்ட்ரி' என்று இருந்தால் அதில் தனிச்சாவி இல்லை. அடையாளமாகக் காட்ட அது உதவாது. சான்றிதழ், தனிச்சாவி, இடைநிலை மூன்றையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிகேசிஎஸ்12 -எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரே பி12 கோப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிரைவேட்கீஎன்ட்ரி இருந்தும் ஜாவா சான்றிதழை அனுப்பாமல் விடுவதுண்டு. சர்வர் தான் ஏற்கும் வழங்குநர்களின் பட்டியலை அனுப்பும். நம் சங்கிலி அந்தப் பட்டியலில் உள்ள யாரிடமும் போய்ச் சேரவில்லை என்றால் ஜாவா காலிச் சான்றிதழை அனுப்பிவிடும். டீபக் வெளியீட்டில் 'நோ எக்ஸ்.509 செர்டிஃபிகேட் ஃபார் கிளையண்ட் ஆதென்டிகேஷன்' என்று இது தெரியும். கீஸ்டோரில் இடைநிலை விடுபட்டிருப்பதே பல நேரம் காரணம். டிஎல்எஸ் 1.3-இல் இன்னொரு குழப்பம் சேர்கிறது: கிளையண்ட் பக்கம் ஹேண்ட்ஷேக் வெற்றிகரமாக முடிந்தபிறகுதான் சர்வர் நம் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அதனால் இணைப்பு கிடைத்துவிட்டது போலத் தோன்றி, முதல் பதிலைப் படிக்கும்போது எரர் வெடிக்கும்.

உங்கள் சர்வரே புகாருக்கு உள்ளானால்

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவி நான்கு கோப்புகள் தரும். அவற்றில் செர்ட்.பெம் சர்வரின் சான்றிதழ் மட்டும், ஃபுல்செயின்.பெம்மில்தான் இடைநிலையும் இருக்கிறது. பி12 செய்யும்போது ஃபுல்செயினை எடுங்கள். டாம்கேட் 8.5 முதல் பெம் கோப்புகளையே நேரடியாகக் கொடுக்கலாம், மாற்றும் வேலையே மிச்சம்.

'கீஸ்டோர் வாஸ் டாம்பர்டு வித், ஆர் பாஸ்வேர்டு வாஸ் இன்கரெக்ட்' என்பது பயமுறுத்தும் வாசகம். அநேகமாகக் கடவுச்சொல் தவறு. 'இன்வாலிட் கீஸ்டோர் ஃபார்மேட்' வந்து, கோப்பு வெளியே சரியாகத் திறக்கிறது என்றால் செயலியைக் கட்டித் தரும் மேவன் கருவியைச் சந்தேகப்படுங்கள். ரிசோர்ஸ் ஃபில்டரிங் இயங்கும்போது கீஸ்டோர் போன்ற பைனரி கோப்பை உரைக் கோப்பாக நினைத்துச் சிதைத்துவிடும். அந்த எக்ஸ்டென்ஷனை ஃபில்டரிங்கிலிருந்து விலக்க வேண்டும். 'ஹெச்மேக்பிபிஇஎஸ்ஹெச்ஏ256 நாட் அவைலபிள்' என்று வந்தால், புதிய ஜாவாவிலோ ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இலோ செய்த பி12 கோப்பைப் பழைய ஜாவா 8 படிக்கத் திணறுகிறது. அப்டேட் 301-க்குப் பிந்தைய ஜாவா 8 படிக்கும்.

முன்னால் லோடு பேலன்சரோ ரிவர்ஸ் பிராக்ஸியோ டிஎல்எஸ்ஸை அவிழ்த்துவிட்டு, உள்ளே வெறும் ஹெச்டிடிபியில் டாம்கேட்டிடம் பேசும் அமைப்பில் சான்றிதழ் எரர் வராது. பதிலாக முடிவில்லாத ரீடைரக்ட் வரும். டாம்கேட் தனக்கு ஹெச்டிடிபிதான் வந்தது என்று நினைத்து ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும், பிராக்ஸி மறுபடி ஹெச்டிடிபியில் கொண்டுவரும். முதலில் வந்தது ஹெச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வேர்டட்-புரோட்டோ ஹெட்டரைப் பிராக்ஸி அனுப்புகிறதா, டாம்கேட்டின் ரிமோட்ஐபிவால்வ் அல்லது ஸ்பிரிங் பூட்டின் சர்வர்.ஃபார்வேர்ட்-ஹெட்டர்ஸ்-ஸ்ட்ராட்டஜி அதைப் படிக்கும்படி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சான்றிதழைப் புதுப்பித்த பிறகும் பழையதே வெளியே தெரிந்தால், கோப்பு மாறியது, ஓடும் ஜேவிஎம் மாறவில்லை. தொடங்கும்போது படித்ததையே அது நினைவில் வைத்திருக்கும். இனி இது அடிக்கடி உறுத்தும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாள் மட்டுமே செல்லும் என்றுதான் பழகியிருக்கிறோம். சான்றிதழ் வழங்குநர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் எடுத்த முடிவின்படி, பொதுவில் நம்பப்படும் எல்லா டிஎல்எஸ் சான்றிதழ்களின் உச்ச ஆயுளும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பித்து இரவில் ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் அதற்கு ஈடுகொடுக்காது. ஸ்பிரிங் பூட் 3.1-இல் வந்த எஸ்எஸ்எல் பண்டில்களில், 3.2 முதல் ரீலோட்-ஆன்-அப்டேட் என்ற அமைப்பை இயக்கினால் கோப்பு மாறியதும் தானே மறுபடி படித்துக்கொள்ளும். தனி டாம்கேட்டில் மேனேஜர் செயலியின் எஸ்எஸ்எல்ரீலோட் கட்டளை இருக்கிறது. புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் இதைச் சேர்த்து, அதற்கடுத்து வெளியிலிருந்து கீடூல் -பிரின்ட்செர்ட் -எஸ்எஸ்எல்சர்வர் ஓட்டி, புதிய காலாவதித் தேதி வந்துவிட்டதா என்று அந்த ஸ்கிரிப்ட்டே சரிபார்க்கும்படி எழுதி வையுங்கள்.